நைரோபிக்கு நான் கொடுத்த ராஜா

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வெற்றிலை வாங்கப் போய்த் தேயிலை வாங்கிக்கொண்டு வந்தேன். என் கடைவீதிப் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், வீட்டில் பழகிவிட்டார்கள். பாக்கெட்டில் 'கென்யா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, கத்தரியால் அதன் மூலையை வெட்டி மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். "தண்ணி வத்திப் போச்சு, எங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டபோது நான் சமையலறையிலேயே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்தை நிறுவிக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டாம் மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தமிழ் வாரப் பத்திரிகை இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நான் அதில் உதவி ஆசிரியர். கேட்பதற்குப் பெரிய வேலை மாதிரி இருக்கும். ஆசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர், பக்கம் கட்டும் கம்ப்யூட்டர் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரும் மதியத்துக்கு மேல் சூடாகிப் படுத்துவிடும். பிழை திருத்துவது, வாசகர் கடிதம் போதவில்லை என்றால் நானே எழுதுவது, ஆசிரியருக்குத் தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீர் வாங்கி வருவது எல்லாம் என் இலாகா. அறை முழுக்க அச்சு மை வாசமும் கீழேயிருந்து ஏறிவரும் மல்லிகை வாசமும் கலந்து கிடக்கும். இன்றைக்கும் யார் தலையிலாவது மல்லிகையைக் கண்டால் எனக்கு ஏதோ பிழை திருத்த வேண்டியிருப்பது போல ஒரு பதற்றம் வரும்.

என் பொறுப்பில் அரைப் பக்கம் ஒன்று இருந்தது. 'உலகத் தலைநகரங்கள்'. வாரம் ஒரு நகரம், அது எப்படி உண்டானது, பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அலுவலக அலமாரியில் இருந்த பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம்தான் ஆதாரம். நல்ல புத்தகம். 'எம்', 'என்' எழுத்துகள் இருந்த தொகுதியைக் கறையான் தின்றிருந்தது ஒன்றுதான் குறை. அட்டையைத் தூக்கினால் உள்ளே மண்தான் இருந்தது. அதனால் மொகதிஷு, மொன்ரோவியா, மாபுட்டோ எல்லாவற்றையும் சத்தம் போடாமல் தாண்டிப் போனேன். நைரோபியை மட்டும் தாண்ட முடியவில்லை. என்னைக் கேட்காமலேயே ஆசிரியர், 'அடுத்த வாரம்: நைரோபி!' என்று ஆச்சரியக்குறியோடு விளம்பரம் போட்டுவிட்டார்.

இண்டர்நெட் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. எதிர்ச் சாரியில் சைபர் கஃபே இருந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம், நம் ஊர் மழை பெய்துகொண்டிருந்தது. சாலையின் அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. என்னிடம் குடை இல்லை. காலில் புதுச் சப்பாத்து வேறு போட்டிருந்தேன். அந்தச் சப்பாத்தைக் காப்பாற்ற ஒரு ராஜாவைப் படைத்தேன்.

நைரோ என்று ஒரு மன்னன். வேட்டைக்குப் போன இடத்தில் பியா என்ற இடையர் குலப் பெண்ணைப் பார்க்கிறான். அவளுக்காக மலை உச்சியில் ஒரு மாளிகை. மாளிகை நிறையப் புறாக்கள். எதிரிகள் படையெடுத்து வர, இருவரும் கைகோத்து ஆற்றில் இறங்குகிறார்கள். மக்கள் கண்ணீரோடு இரண்டு பெயரையும் சேர்த்து ஊருக்கு வைக்கிறார்கள். நைரோ, பியா, நைரோபி. எழுதி முடித்து, நானே ஒருமுறை சத்தமாகப் படித்து ரசித்தேன்.

ஆசிரியர் படித்துவிட்டு, "நல்லா இருக்கே லா! உன் பேர போடு. ராஜா படம் ஒண்ணும் வரையச் சொல்லு" என்றார். படம் வந்தது. கிரீடமும் முறுக்கு மீசையுமாக நைரோ ராஜா எங்கள் நாடகக் கொட்டகை ராஜபார்ட் மாதிரியே இருந்தார்.

கீழே, பூக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. வேலை பெர்மிட்டில் மன்னார்குடியிலிருந்து வந்த செல்வம் அங்கே தேநீர் ஆற்றுவான். எங்கள் பத்திரிகையின் முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிக்கும் ஆள் அவன் ஒருவன்தான். அதே கடைக்குக் கென்ய மாணவன் ஒருவன் தினமும் சாப்பிட வருவான். பெயர் கமாவ். பக்கத்துக் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். செல்வத்தின் வாயில் அந்தப் பெயர் 'காமு' ஆகிவிட்டது. "காமு, ரசம் ஊத்தவா?" என்று கேட்டால் அவனும் இலையை நகர்த்திக் காட்டுவான்.

ஒரு மத்தியானம் நான் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று மேசை தள்ளி ஒரு பெரும் சிரிப்பு வெடித்தது. செல்வம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் கட்டுரையைக் கமாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். "கிங் நைரோ, வெரி லவ். வாட்டர் ஜம்ப்." கமாவ் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டான். செல்வம் பெருமையோடு என்னைச் சுட்டிக் காட்டினான்.

கமாவ் இலையோடு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தான். ஆங்கிலத்தில்தான் பேசினான். ஆனால் என் மனதில் அது நம் தமிழாகவே பதிந்திருக்கிறது.

"பிரதர், எங்க ஊருக்கு ராஜாவே கெடையாது. இந்தப் புறாவெல்லாம் எங்கேருந்து புடிச்ச?"

அசடு வழிந்தேன். "சும்மா ஒரு சுவைக்காக..."

"எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். நாமளும் ராஜ வம்சம்தான்னு." மறுபடி சிரித்தான். பிறகு பொரியலை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே சொன்னான்: "இங்க ரூம் கேட்டு எத்தன கதவ தட்டினேன் தெரியுமா? கதவ தொறக்குறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் எங்க ஊரப் பத்தி ஒரு கதை தெரிஞ்சிருக்கு. யாரு எழுதுறாங்கன்னு யோசிச்சிருக்கேன். உன்ன மாதிரி ஆளுங்கதான் போல."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவனுக்கு ஒரு தேநீர் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். திருத்தம் போட வேண்டும் என்று தோன்றியதா? தோன்றியது. அடுத்த வாரம் போடலாம் என்றும் தோன்றியது. அதற்கடுத்த வாரம் ஒட்டாவா வந்தது. கறையான் தொடாத தொகுதி.

பவானி வந்தது அதற்குப் பிறகுதான். சுங்கை வே பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வேலைச் சட்டையோடேயே வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு பஸ் மாறி, இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்து, நைரோ ராஜாவின் மீசை தெரியும் பக்கத்தைத் திருப்பினாள்.

"அண்ணே, இது உண்மையா பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

நோட்டைப் பார்த்தேன். 'உலகத் தலைநகரங்கள்' ஒன்று விடாமல் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்களில் பென்சிலால் நதி, மக்கள், மொழி என்று குறிப்புகள். என் அரைப் பக்கத்துக்கு இப்படி ஒரு வாசகர் இருப்பார் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. நினைத்திருந்தால் சப்பாத்தை நனைத்திருப்பேன்.

நடந்தது இதுதான். பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு வாசகர் வட்டம் பொது அறிவுப் புதிர்ப்போட்டி நடத்தியிருக்கிறது. மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திய பவானி, ஆசிரியர்களையும் கிராணி குமாஸ்தாக்களையும் தாண்டி இறுதிச் சுற்றுவரை வந்திருக்கிறாள். கடைசிக் கேள்வி, நைரோபி என்ற பெயர் எப்படி வந்தது. மணியை அடித்து நைரோ, பியா, புறா என்று முழுக் கதையும் சொல்லியிருக்கிறாள். மண்டபமே சிரித்திருக்கிறது. கேள்வி கேட்டவர் ஒலிபெருக்கியில், "சொந்தமா கதை கட்டக் கூடாது ம்மா" என்றிருக்கிறார். பரிசான தையல் மெஷின் காப்பாரிலிருந்து வந்த ஒரு வாத்தியாருக்குப் போய்விட்டது.

"மெஷின் போனா போகுது. வீட்டுல வைக்க எடமும் இல்ல. நானா கதை கட்டினேன்? எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டாங்க. எங்க பேக்டரி ஆளுங்க மூணு பேர் வேற வந்திருந்தாங்க. இப்ப லைன்ல நிக்கும்போதெல்லாம் 'ராணி பியா'ன்னு கூப்பிடுறாங்க."

எனக்குப் பின்னாலிருந்து ஆசிரியரின் குரல் வந்தது. "நம்ம பத்திரிகையில பொய் வராது ம்மா. பல நூல் பாத்துத்தான் எழுதுறோம்."

அலமாரியில் கறையான் தின்ற அந்தத் தொகுதி சாதுவாக நின்றுகொண்டிருந்தது. பவானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்தான்," என்றேன். "நான்தான் எழுதினேன். மழை பேஞ்சுச்சு."

கடைசி இரண்டு சொற்களை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆசிரியரின் நாற்காலி கிறீச்சிட்டது. திட்டுவாள், நோட்டை முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையிலிருந்து சிவப்பு வட்ட ஸ்டிக்கர் அட்டை ஒன்றை எடுத்தாள்.

"நான் அங்க கியூ.சி. பாக்குறேன். கெட்டுப் போன சாமானுக்கு இத ஒட்டுவோம்." நைரோ ராஜாவின் நெற்றியில் பொட்டு மாதிரி ஒன்றை ஒட்டினாள். "மத்ததுல எது எது பொய்?"

"மத்ததெல்லாம் நெசம்."

"இந்த அடிஸ் அபாபா? ராணி வெந்நீர் ஊத்துல குளிக்க வந்தாங்க, எடம் புடிச்சுப் போச்சு, புதுப் பூன்னு பேரு வெச்சாங்க. இது கண்டிப்பா கட்டுக்கதை."

"இல்ல, அது சத்தியமா நெசம்."

"போங்கண்ணே." ஒரு ஸ்டிக்கர். "கார்ட்டும், யானையோட தும்பிக்கை?"

"அப்படித்தான் சொல்றாங்க... ரெண்டு ஆறு சேர்ற எடம்..."

"தும்பிக்கையாம்." இன்னொரு ஸ்டிக்கர்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக எழுதிய நகரங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போயின. பொய் சொல்லி மாட்டிக்கொள்வது அப்படியொன்றும் பெரிய அவமானமில்லை. உண்மையைச் சொல்லும்போது ஒருத்தி நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறாளே, அது வேறு மாதிரி எரியும்.

திருத்தம் போடலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். "இன்னிக்கு நைரோபிக்குப் போட்டா, நாளைக்கு ராசிபலனுக்கும் திருத்தம் கேட்டு ஆள் வரும்," என்றார். ராசிபலனையும் நான்தான் எழுதிவந்தேன் என்பதால் அந்த வாதத்தின் வலு எனக்குப் புரிந்தது.

வேறு வழி தெரியாமல் பவானியைக் கீழே கூட்டிப் போனேன். நல்லவேளை, கமாவ் இருந்தான். அறிமுகம் செய்துவைத்தேன். அவள் சுற்றிவளைக்கவில்லை. "நீங்க உண்மையிலேயே நைரோபியா? ஐ.சி. கார்டு காட்டுங்க" என்றாள். கமாவ் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, எடுத்து நீட்டினான். பிறந்த ஊர் எழுதியிருந்த வரியை விரல் வைத்துப் படித்துவிட்டு, "சரி, சொல்லுங்க" என்று உட்கார்ந்தாள்.

பில் தாளின் பின்பக்கத்தில் கமாவ் ஒரு கோடு போட்டான். இது கடல், இது மொம்பாசா துறைமுகம். இந்தக் கோடு ரயில், உள்ளே இருக்கும் பெரிய ஏரிக்குப் போகிறது. நடுவில் ஒரு சதுப்பு நிலம். மாசாய் மக்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வரும் இடம். குளிர்ந்த தண்ணீர் என்று அவர்கள் மொழியில் சொல்வதுதான் பெயர். அதைத் தாண்டினால் செங்குத்தான மேடு. ஏறுவதற்கு முன்னால் தண்டவாளமும் இரும்பும் இறக்கி வைக்கச் சமதளம் வேண்டும் என்று ரயில்வேக்காரர்கள் அங்கே கூடாரம் அடித்தார்கள். கூடாரம் பட்டறையானது, பட்டறையைச் சுற்றிக் கடைத்தெரு வந்தது. கடைத்தெருவில் பிளேக் வந்தது, கொளுத்தினார்கள், மறுபடியும் கட்டினார்கள்.

"ராஜா இல்ல. ஸ்டோர் கீப்பர் இருந்தாரு," என்று முடித்தான்.

நான் செல்வத்துக்காகவும் பவானிக்காகவும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன் இங்கே நின்றுவிட்டேன். என் தாத்தா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாங்கள் உட்கார்ந்திருந்த பிரிக்பீல்ட்ஸே, கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்த பிறகு செங்கல் சுட்ட களிமண் நிலம், பின்னால் ரயில்காரர்களின் குடியிருப்பு. நான் பிறந்து வளர்ந்த கதையையே ஒருவன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து சொல்கிறான். நானோ அவன் ஊருக்குப் புறா விட்டிருக்கிறேன்.

"தண்டவாளம் போட ஆளுங்க எங்கேருந்து?" என்று பவானி கேட்டாள்.

"இந்தியாவுலேருந்துதான். கப்பல்ல. பஞ்சாப்காரங்க நெறைய. அதான் எங்க ஊர்லயும் சப்பாத்தி, சாய். காருக்கு நாங்க காரி-ன்னு சொல்வோம்."

"நாங்க காடி-ன்னு சொல்வோம்!" என்று செல்வம் உள்பட நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பவானி அந்தப் பில் தாளை எடுத்து மடித்தாள். "இத நீங்க ரெண்டு பேரும் கிள்ளானுக்கு வந்து சொல்லணும்."

மறுக்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோமுட்டர் புறநகர் ரயிலில் போனோம். கமாவ் ஆபீஸ் போகிறவன் மாதிரி கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தான். "ராஜ வம்சம் இல்லன்னு சொல்லப் போறோம், அதையாவது மரியாதையா சொல்லணும்" என்றான். வாசகர் வட்டக் கூட்டத்துக்கு மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பவானியைக் கேலி செய்த தொழிற்சாலைத் தோழிகளும் வந்திருந்தார்கள். அவளேதான் வரச் சொல்லியிருக்கிறாள்.

ஒலிபெருக்கி முன்னால் நின்று நான் சொன்னது மூன்றே வாக்கியம். "நைரோ ராஜா கதைய எழுதினது நான். அது முழுப் பொய். இவங்க சொந்தமா கட்டல, என்னை நம்பித்தான் சொன்னாங்க." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பவானி முன்வரிசையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கும்போது ஒருமுறை தலையசைத்தாள்.

பிறகு கமாவ் பேசினான், நான் தமிழில் சொன்னேன். குளிர்ந்த தண்ணீர், சதுப்பு நிலம், ரயில் எல்லாம் சொல்லி வந்து, "முன்னாடி ஆட்சி நடந்தது துறைமுக ஊரான மொம்பாசாவுல. அப்புறம் தலைநகரத்த அப்படியே உள்நாட்டுச் சேத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மொம்பாசாக்காரங்களுக்கு இன்னும் கோவம்" என்றான்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி சரிந்தது. "அதே கதைதான் லா எங்களுக்கும்!" என்று எழுந்தவர் வேறு யாருமில்லை, பவானியை ஒலிபெருக்கியில் கண்டித்த அதே ஆள். "சிலாங்கூர் மாநிலத்துக்கு மொதல்ல தலைநகரம் நம்ம கிள்ளான்தானே! சேறு கூடுற எடம்னு பேரு வெச்ச கோலாலம்பூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் கையில் இல்லை. கிள்ளானின் பழைய மனக்குறையெல்லாம் ஆளாளுக்கு எழுந்து கமாவிடம் முறையிட்டார்கள், ஏதோ அவன்தான் தலைநகரத்தைத் திருப்பித் தரப் போகிறவன் மாதிரி. அவனும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "மொம்பாசாவும் உங்களோட அழுவுது" என்றான். அந்தக் கேள்விக்காரர் பவானியிடம் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, "தப்பா சொல்லிட்டேன் ம்மா. அடுத்த போட்டிக்குக் கேள்வியெல்லாம் நீயே போடு" என்றார். அவள் சரி என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா எல்லாத்தையும் ரெண்டு எடத்துல பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றாள்.

அடிஸ் அபாபாவுக்கு நியாயம் கிடைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. சைபர் கஃபேயில் அச்சடித்த தாள்களை அவளிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு ஸ்டிக்கரை உரித்தாள். பசை நல்ல பசை. பாதி எழுத்துகளும் கூடவே வந்துவிட்டன.

பத்திரிகையில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வேலை போனாலும் போகட்டும் என்று 'நைரோபி: குளிர்ந்த நீரின் ஊர்' என்று எழுதி, கமாவின் வரைபடத்தையும் சேர்த்து ஆசிரியரின் மேசைமேல் வைத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா வந்திருக்கு," என்று சொல்லி, என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஆக, பழைய இதழ்கள் எங்காவது மிச்சமிருந்தால், ராஜாவும் புறாவும் என் பெயரில், ரயிலும் உண்மையும் அவர் பெயரில்.

இப்போது அந்தக் கட்டடத்தில் தங்கும் விடுதி நடக்கிறது. பூக்கடை இருந்த இடத்தில் சூட்கேஸ்களை உருட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். சாப்பாட்டுக் கடை கைமாறிக் கைமாறி இப்போது கைப்பேசி விற்கிறது. செல்வம் பெர்மிட் முடிந்து மன்னார்குடிக்குப் போய்விட்டான். கமாவ் படிப்பை முடித்துப் போன பிறகு இரண்டு மூன்று வருஷம் புத்தாண்டுக்கு மின்னஞ்சல் வந்தது, அப்புறம் இல்லை. பவானியின் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவள் கல்யாணமாகி செமினி பக்கம் வீடு வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். என் தாத்தா குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையையும் இடித்துவிட்டார்கள். பத்திரிகை நின்ற நாளில் கலைக்களஞ்சியத்தைப் பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். கறையான் தின்ற தொகுதியை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், இணையத்தில். போன மாதம் காஜாங் ஊரைப் பற்றி எழுதும்போது ஓர் ஆற்றின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன். இந்தமுறை வேண்டுமென்றே இல்லை, வயதுக் கோளாறு. பதிவேற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது. உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. 'இது உண்மையா பொய்யா?' என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். நூற்றுப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அருமை என்று பன்னிரண்டு பேர். ஒருவர் ரோஜாப்பூ அனுப்பியிருந்தார்.

ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு நானே திருத்திவிட்டேன்.